உணவுக் குழலுக்குள் ஒரு விளக்கு

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்)



இவ்வாண்டு மலருக்கு எங்கள் வகுப்பின் பங்காக ஒரு குழாயைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். குழாய் என்றதும் விடுதி வாசலில் காலை ஆறு மணிக்கு நாம் குடங்களோடு சண்டையிடும் குழாயை நினைத்துவிட வேண்டாம். இது மனிதரின் வாய் வழியே உள்ளே சென்று, உணவுக் குழலின் உட்சுவரைப் பார்த்துவரும் குழாய். எண்டோஸ்கோப்பி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தமிழில் அகநோக்குப் பரிசோதனை எனலாம். ஊரில் "வாயில குழாய் விட்டுப் பார்க்கிறது" என்பார்கள். அந்தப் பெயரே பாதிப் பேரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறது.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர் நம் விடுதிச் சமையற்கட்டு அக்கா. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். "எழுதுங்க கண்ணு, பேரு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ராகிக் களி கிண்டாத வீடு குறைவு. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் அதுவே ராகி முத்தே. களியை யாரும் மென்று தின்பதில்லை. உருண்டையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதே வழக்கம். ஆகவே, விழுங்குவதில் தடை ஏற்பட்டால் நம் ஊரில் முதலில் காட்டிக் கொடுப்பது களிதான். அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. முதலில் களி நின்றது. பிறகு சப்பாத்தியைப் பாலில் ஊற வைத்தார். பிறகு சோற்றைக் குழைய வடித்தார். கடைசியில் கஞ்சி மட்டும். இத்தனையும் இரண்டு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்ததால் வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. தினமும் இருநூறு பேருக்குச் சமைக்கும் ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று அந்த இருநூறு பேராகிய நாங்களும் கவனிக்கவில்லை. இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 3ஆம் நாள் புனித பிளேசியார் திருநாள். அன்று ஆலயத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காக வைத்துத் தொண்டையை ஆசீர்வதிப்பார்கள். நெற்றிக் குங்குமத்தோடு அக்காவும் வரிசையில் நின்றார். ஆசீர் பெற்ற பிறகு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். விடுதிக் காப்பாளர் சிஸ்டர் அதைக் கண்டு, தனியே அழைத்துக் கேட்டபோதுதான் எல்லாம் வெளிவந்தது. முன்னமே ஒரு டாக்டர் குழாய்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டை அக்கா அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்துவிட்டாராம். "குழாய் விட்டா மூச்சு நின்னுடும்னாங்க சிஸ்டர். அப்புறம் புத்துன்னு சொல்லிட்டா புள்ளைங்க கதி என்ன?"

இந்த இரண்டு பயங்களையும் பிரித்துப் பார்ப்பதே எங்கள் கட்டுரையின் வேலை. இதற்காக, நம் பள்ளியில் பயின்று இப்போது டாக்டராக இருக்கும் ஓர் அக்காவிடம் இரண்டு சனிக்கிழமைகள் பாடம் கேட்டோம்.

முதலில் மூச்சு. தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள் உள்ளன என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே படித்தோம். முன்னால் இருப்பது மூச்சுக் குழல், அதன் பின்னால் முதுகெலும்பை ஒட்டி இறங்குவது உணவுக் குழல். பெரியவர்களுக்கு உணவுக் குழலின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அது மார்பைக் கடந்து, உதரவிதானத்தில் உள்ள துளை வழியே இறங்கி இரைப்பையில் சேர்கிறது. பரிசோதனைக் குழாய் போவது இந்தப் பின்வழியில். முன்வழி திறந்தே இருப்பதால் மூக்கு வழியாக மூச்சு தடையின்றி ஓடும். குழாயின் பருமன் 9 அல்லது 10 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் சுண்டு விரல் அளவு. அக்கா ஒரு காலத்தில் விழுங்கிய களி விள்ளல் இதைவிடப் பெரியது! இதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பயத்துக்குப் பழைய காரணமும் உண்டு. 1868இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர், மனிதரின் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்க விரும்பினார். அவரிடமிருந்ததோ வளையாத உலோகக் குழாய். அதை யார் விழுங்குவார்? கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி உள்ளே செலுத்தினார். போதிய வெளிச்சம் இல்லாததால் அதிகம் தெரியவில்லை. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் பாதி வளையும் குழாயைக் கொண்டுவந்தார். அதுவும் நோயாளிக்குச் சங்கடமே.

உண்மையான மாற்றத்தில் ஓர் இந்தியரின் கை இருக்கிறது. பஞ்சாபில் மோகாவில் 1926இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டினால், கட்டு வளைந்தாலும் ஒளி உள்ளுக்குள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி மறுமுனைக்குப் படத்தைக் கொண்டு சேர்க்கும் என்பதை இருவரும் 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். முழு அக எதிரொளிப்பு என்று இயற்பியல் பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதேதான். அந்தக் கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் வளையும் குழாயைச் செய்து, 1957இல் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு நோயாளிக்குச் செலுத்தினார். தமக்குச் செய்து பார்த்த பிறகே பிறருக்கு என்ற அந்த ஒழுங்கு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. 1983 முதல் கண்ணாடி இழைக்குப் பதிலாக நுனியிலேயே சிறு கேமரா வைத்த குழாய்கள் வந்தன. இப்போது டாக்டர் பார்ப்பது தொலைக்காட்சித் திரையில். கபானி 2020இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

சரித்திரம் போதும். நோயாளி அறிய வேண்டியதற்கு வருவோம்.

வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவு ஆறு முதல் எட்டு மணி நேரம் முன்பே நிறுத்தப்பட வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதைச் சொன்னபடி கேட்க வேண்டும், பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு. "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டுப் போய், கேட்டால் இல்லை என்று தலையாட்டுபவர்கள் உண்டாம். அது டாக்டரை ஏமாற்றுவதன்று, தம்மையே ஏமாற்றிக் கொள்வது. வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக் குழலில் இறங்கினால் அதுதான் உண்மையான ஆபத்து. உணவு உள்ளேயே தேங்கி நிற்கும் நோய் இருப்பவர்களுக்கு இன்னும் நீண்ட நேரம் பட்டினி சொல்வார்கள்.

மறைக்கக் கூடாதவை சில உண்டு. சர்க்கரை நோய் மாத்திரை அல்லது இன்சுலின், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, ஆஸ்துமா, இதய நோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், ஆடும் பல், கட்டுப்பல் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்த உறைவு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் உண்டுவிட்டுப் போவதும் தவறு. தோழியருக்கு ஒரு வார்த்தை: விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்று இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும். அடர்ந்த நகப்பூச்சு அதன் கண்ணை மறைக்கும். அன்றைக்கு மட்டும் அழகைத் தள்ளி வையுங்கள்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வாழ்கிறோம். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ தாளை நீட்டினால் தலைகுனிந்து பெருவிரல் வைத்துவிடாமல், "எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்பது நோயாளியின் உரிமை. என்ன செய்யப் போகிறீர்கள், பார்க்க மட்டுமா, ஏதேனும் சிகிச்சையும் உண்டா, மயக்க மருந்து கொடுப்பீர்களா என்று கேட்கலாம். ஒருவருக்குப் பயன்படுத்திய குழாயை அடுத்தவருக்கு முன் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்பதும் அவமரியாதை அன்று. கழுவித் துடைத்து, கிருமிநாசினித் திரவத்தில் குறித்த நேரம் வைத்தெடுப்பதே முறை என்று எங்கள் டாக்டர் அக்கா சொன்னார்.

பிறகு தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளிப்பார்கள். சிறிது நேரத்தில் தொண்டை மரத்து, ஏதோ வீங்கியது போலவும் எச்சில் விழுங்க முடியாதது போலவும் தோன்றும். இங்கேதான் பலர் பதறி எழுந்துவிடுகிறார்கள். அது மருந்தின் வேலை, வீக்கம் இல்லை. சிலருக்கு நரம்பு வழியே அரைத்தூக்க ஊசியும் போடுவதுண்டு. இடப்பக்கமாகப் படுக்க வைத்து, குழாயைக் கடித்துவிடாதபடி பற்களுக்கிடையே ஒரு வளையம் வைப்பார்கள். உமட்டும், கண்ணில் நீர் வரும், ஏப்பம் வரும். உள்ளே காற்று செலுத்தி விரித்துப் பார்ப்பதால் ஏப்பம் வந்தே தீரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. எச்சிலை விழுங்க முயலாமல் வெளியே வழிய விட்டு, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் போதும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம் காலை வழிபாட்டுக் கூட்டம் இதைவிட நீளம்!

சில வேளை சிறு இடுக்கியால் சதைத் துணுக்கு ஒன்றைக் கிள்ளி எடுப்பார்கள். வலிக்காது. துணுக்கு எடுத்தாலே புற்றுநோய் என்று எண்ணுவது தவறு. கிருமியா, அழற்சியா, வேறு எதுவா என்று அறியவும் எடுப்பார்கள். எடுத்தால் நோய் பரவிவிடும் என்பதும் வீண் பேச்சே.

முடிந்தபின் தொண்டை மரப்பு நீங்கும் வரை எதுவும் உண்ணக் கூடாது. முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும். அரைத்தூக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதோ, இயந்திரத்தில் நிற்பதோ, பத்திரத்தில் கையெழுத்திடுவதோ கூடாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று அன்றே இரவு ஷிப்டுக்குப் போய் பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்கும் அப்பாக்கள் சிப்காட்டில் இல்லாமலா போவார்கள்? பெங்களூரிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் தனியே திரும்புவதும் அப்படியே. துணைக்கு ஒருவர் அவசியம்.

தொண்டை ஒரு நாள் கரகரக்கலாம். ஆனால் கடுமையான மார்பு வலி, கழுத்து வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்த வாந்தி, தார் போன்ற கருமலம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே போக வேண்டும். குழல் கிழிவது என்பது மிக அரிதான விபத்து. குறுகலை விரிக்கும் சிகிச்சையில் அதற்கான வாய்ப்பு சற்று அதிகம். அரிது என்பதால் சொல்லாமல் விடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

இனி இரண்டாவது பயம்.

அக்காவை சிஸ்டர் அழைத்துச் சென்ற பெரிய மருத்துவமனையில், "எந்த இடத்தில் நிற்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றாராம் டாக்டர். அக்கா குரல்வளைக்குச் சற்றுக் கீழே வைத்தார். திடப்பொருள் மட்டுமா, தண்ணீருமா? திடப்பொருள் மட்டும். உடனே அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். இமை வெளுத்திருந்தது. நகங்கள் கரண்டி போலக் குழிந்திருந்தன. நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் குழாய்ப் பரிசோதனை. உணவுக் குழலின் வாயிலிலேயே சிலந்தி வலை போல மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்து வழியை அடைத்திருந்தது. புற்று இல்லை. நுனி குறுகிய விரிப்பான் குழாயை மெல்லிய கம்பியின் மேல் செலுத்தி, அந்தச் சவ்வை அன்றே நீக்கிவிட்டார்கள்.

இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் இந்த நோயை அமெரிக்காவில் பிளம்மர், வின்சன் என்ற இருவரும், பிரிட்டனில் 1919இல் பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்ற இருவரும் விவரித்தார்கள். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது. சுவீடனின் வடபகுதியில் ஒரு காலத்தில் இது மிகுதியாக இருந்து, உணவில் இரும்புச்சத்தைப் பேணிய பிறகு குறைந்துவிட்டது. கவனியாமல் விட்டால் பல ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் உண்டு. ஆக, அக்கா எதற்குப் பயந்து சீட்டை ஒளித்தாரோ, அதற்கு வழிவிடுவது அந்த ஒளிப்புதான்.

தோழியரே, இங்கே நம் கதையும் வருகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எங்கே போகிறது என்பது நமக்கும் வேப்பமரத்தடிக்கும் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது என்றால் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கலாம். உடனே தேநீர் குடிக்காதிருந்தால் சத்து நன்றாகச் சேரும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ அதற்குத் துணை செய்யும். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால் தார் போல் பிசுபிசுத்து, நாற்றமடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் இந்தச் சவ்வு வளர்ந்துவிடும் என்று பயமுறுத்துவது எங்கள் எண்ணமில்லை. அது அரிது. இரத்தசோகை அரிதன்று.

யாருக்குக் குழாய்ப் பரிசோதனை தேவை? ஏப்பம் வந்தவர்க்கெல்லாம் தேவையில்லை. நம் ஊரில் எல்லா நோய்க்கும் "கேஸ்" என்று பெயர், எல்லாவற்றுக்கும் சோடா மருந்து. ஆனால் விழுங்கும்போது தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கருமலம், தொடர் வாந்தி, காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவற்றைச் சோடாவால் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பாட்டியும், பீடியும் மதுவும் பழகிய தாத்தாவும் "கஞ்சியே போதும்" என்று கேட்கத் தொடங்கினால், அது பற்று விட்ட ஞானம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கங்கள் உணவுக் குழல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள். அந்நோயும் தொடக்கத்தில் கண்டால் சிகிச்சைக்குக் கட்டுப்படுவதே.

இதே குழாய் குழந்தைகளுக்கும் உதவுகிறது. தம்பி தங்கைகள் விழுங்கிய நாணயத்தை இதன் வழியே எடுக்கிறார்கள். பொம்மையிலுள்ள பொத்தான் பேட்டரி மட்டும் மிக மோசமானது. குழலில் தங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். வாழைப்பழம் ஊட்டிக் காத்திராமல் எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து அமிலத்தையோ துப்புரவுத் திரவத்தையோ குளிர்பானப் பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம் பகுதியில் உண்டு. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அமிலம் இரண்டாம் முறையும் சுட்டுக்கொண்டு வரும். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் உணவு, மூச்சுக் குழல்களிலிருந்தும் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து வைத்தார், அவை இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் உள்ளன. காரம் குடித்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, அத்தகைய புட்டிகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று போராடி, 1927இல் அமெரிக்காவில் சட்டமே கொண்டுவரச் செய்தார்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். முன்பெல்லாம் நம் மாவட்டத்தார் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலில் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். ஆலையில் வேலை செய்பவர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. அட்டையையும், மற்றவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் கையில் எடுத்துச் சென்று, எது பொருந்தும் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

அக்கா இப்போது காலையும் மாலையும் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறார். கரண்டி நகங்கள் அடியிலிருந்து நேராக வளர்ந்து வருவதை எங்களுக்குக் காட்டினார். சவ்வு மறுபடி வளரக்கூடும் என்பதால் ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதிச் சீட்டு இம்முறை அரிசிப் பானையில் இல்லை, சமையற்கட்டுச் சுவரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. துணைக்கு யார் போவது என்று எங்கள் வகுப்பில் இன்னும் தகராறு தீரவில்லை.